ஆப்பிரிக்க சஃபாரி: கென்யாவா, தான்சானியாவா, க்ரூகரா?

வீட்டில் ஆப்பிரிக்கப் பேச்சு எழுந்ததும் "கென்யாவா, தான்சானியாவா" என்றுதான் ஆரம்பிப்பார்கள். தி.நகர் டிராவல்ஸிலும் அதையே கேட்டு, கையோடு ஒரு ஏழு நாள் பேக்கேஜை நீட்டுவார்கள். நாட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்கு லீவு எந்த மாதம், ஒரே வண்டியில் ஏறப் போகிறவர்கள் எத்தனை பேர் என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் நாடு தானாக அமைந்துவிடும். அந்த இரண்டையும் பார்க்காமல் முன்பணம் கட்டுகிறவர்களுக்குத்தான் செலவு எகிறுகிறது.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது மூன்று நாடுகளின் விலங்குக் காடுகள்: கென்யாவின் மசாய் மாரா, தான்சானியாவின் செரங்கெட்டி மற்றும் இங்கோரோங்கோரோ, தென்னாப்பிரிக்காவின் க்ரூகர். போட்ஸ்வானா கூட்டத்தைக் குறைக்கவென்றே விலையை உயரத்தில் வைத்திருக்கும் நாடு. உகாண்டாவில் கொரில்லா பார்க்கும் பெர்மிட் மட்டுமே 800 டாலர், ருவாண்டாவில் 1,500. சிக்கனமாகப் போக நினைப்பவர்களுக்கு இவை சரிப்பட்டு வராது.

லீவு எந்த மாதம்?

பள்ளிப் பிள்ளைகள் உள்ள சென்னைக் குடும்பத்துக்குப் பெரிய லீவு ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும். கிழக்கு ஆப்பிரிக்காவில் மார்ச் கடைசியிலிருந்து மே வரை நீண்ட மழைக்காலம். மாராவின் மண் நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மாதிரிதான். ஒரு மழை பெய்தால் சக்கரத்தில் அப்பிக்கொண்டு வழுக்கும். சாதாரண வேன் நடுக்காட்டில் புதைந்து நின்றால் இன்னொரு வண்டி வந்து கயிறு கட்டி இழுக்கும் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். புல்லும் உயரமாக வளர்ந்திருக்கும், சில முகாம்களை மூடியே விடுவார்கள். திறந்திருக்கும் இடங்களில் வாடகை நன்றாக இறங்கியிருக்கும் என்பதும், சிங்கங்கள் எங்கும் போய்விடுவதில்லை என்பதும் உண்மைதான். மே மாதம் கென்யாவுக்குப் போயே ஆக வேண்டும் என்றால் ஃபோர் வீல் டிரைவ் லேண்ட் குரூஸர் தவிர வேறு வண்டிக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அதே மே மாதம் க்ரூகரில் மழை ஓய்ந்து வறண்ட பருவம் தொடங்குகிறது. தண்ணீர் குறையக் குறைய விலங்குகள் ஆற்றங்கரைக்கும் குட்டைகளுக்கும் வர ஆரம்பிக்கும், கொசுவும் குறையும். ஆகஸ்ட், செப்டம்பரில் இதைவிட நன்றாகத் தெரியும் என்றாலும், நம் கோடை விடுமுறைக்கு மூன்றில் பொருந்துவது க்ரூகர்தான். ஒரு விஷயம்: ஏப்ரல் 27 அங்கே சுதந்திர தினம், மே 1 தொழிலாளர் தினம். இரண்டையும் சேர்த்து உள்ளூர்க்காரர்கள் லீவு போட்டுவிடுவதால் அந்த வாரம் அறை கிடைப்பது கடினம். மே முதல் வாரம் கழிந்த பிறகு தேதி வையுங்கள்.

காலாண்டு விடுமுறையில், அதாவது செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தில், வைல்ட்பீஸ்ட் (மாடு போன்ற பெரிய மான்) கூட்டம் மாரா ஆற்றைக் கடப்பதன் கடைசிக் கட்டத்தைப் பார்க்க வாய்ப்பு உண்டு. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை நடக்கும் இந்தக் காட்சி எந்த நாள் நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கரைக்கு வந்து நின்றுவிட்டு அப்படியே திரும்பிப் போகும் கூட்டங்களும் உண்டு. "ஆற்றுக் கடப்பு உத்தரவாதம்" என்று எழுதித் தருகிறவரிடம் பணம் கட்டாதீர்கள்.

பொங்கல் லீவைத்தான் பலரும் யோசிப்பதே இல்லை. ஜனவரி, பிப்ரவரி கிழக்கு ஆப்பிரிக்காவில் இரண்டு மழைகளுக்கு இடைப்பட்ட குறுகிய வறண்ட காலம். மாரா நுழைவுக் கட்டணம் ஜனவரி 1 அன்று பாதியாகக் குறைகிறது. கென்யாவின் அம்போசெலி பூங்காவில் காலை வேளையில் கிளிமஞ்சாரோ மலை மேகம் இல்லாமல் தெரியும் நாட்களும் அதிகம். பிள்ளைகள் படிப்பை முடித்துவிட்ட தம்பதிகள் பிப்ரவரிக்கே தள்ளிப் போட்டால் தெற்கு செரங்கெட்டியை ஒட்டிய இண்டுட்டு சமவெளியில் வைல்ட்பீஸ்ட் கன்று ஈனும் காலம் கிடைக்கும். கன்றுகளைத் தேடிச் சிங்கமும் சிவிங்கிப்புலியும் வரும். ஆற்றுக் கடப்பை விட இதை நம்பித் தேதி குறிக்கலாம்.

வண்டியில் எத்தனை பேர்?

கென்யாவிலும் தான்சானியாவிலும் செலவில் பெரும் பங்கு வண்டிக்கு. டிரைவர், டீசலோடு லேண்ட் குரூஸர் ஒன்றுக்கு நாள் வாடகை சுமார் 200 முதல் 250 டாலர். இருவர் போனாலும் அறுவர் போனாலும் அதே தொகை. ஷேர் ஆட்டோ கணக்கு. ஆறு பேர் என்றால் ஆளுக்கு ஒரு ஜன்னல் கிடைக்கும். ஏழாவது ஆளை ஏற்றினால் நடுவில் உட்காருகிறவருக்குப் பக்கத்தில் இருப்பவரின் தோள்தான் தெரியும். ஆகவே இரண்டு குடும்பமாகச் சேர்ந்து ஆறு பேர் போனால் கிழக்கு ஆப்பிரிக்கா கட்டுப்படியாகும். தம்பதி மட்டும் போனால் அதே பயணம் ஆளுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு வண்டிச் செலவு.

தனியாகப் போகிறவர்கள் நைரோபியிலிருந்து தேதி குறித்துக் கிளம்பும் குழுப் பயணத்தில் சேரலாம். விலை குறைவு. ஆனால் வண்டி பெரும்பாலும் வேனாக இருக்கும். சிறுத்தை மரத்திலிருந்து இறங்கும் வரை காத்திருப்போம் என்று நீங்கள் நினைத்தாலும், மற்றவர்கள் பசிக்கிறது என்றால் வண்டி முகாமுக்குத் திரும்பிவிடும்.

க்ரூகரில் இந்தக் கணக்கே கிடையாது. சொந்தமாகக் கார் ஓட்டிப் போகலாம், சாதாரண ஹேட்ச்பேக் போதும். இருவருக்கு மிகக் குறைந்த செலவில் ஆப்பிரிக்க விலங்குகளைப் பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது.

மாரா: நேரத்துக்குத்தான் காசு

மாரா ரிசர்வை நடத்துவது நாரோக் கவுண்டி. வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். டிக்கெட் காலை 6 முதல் மாலை 6 வரைக்குத்தான்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். நைரோபியிலிருந்து ஐந்தாறு மணி நேரம் ரோட்டில் வந்து, மதிய உணவு முடித்து, நான்கு மணிக்கு "ஈவினிங் கேம் டிரைவ்", அதாவது வண்டியில் விலங்கு பார்க்கும் சுற்று, போகலாம் என்று திட்டத்தில் போட்டிருப்பார்கள். கேட்டுக்கு வெளியே தங்குகிறவருக்கு அந்த இரண்டு மணி நேரமும் முழு நாள் டிக்கெட்தான். ஆகஸ்டில் நான்கு பேருக்கு 800 டாலர்! கிளம்பும் நாள் காலையில் ஒரு சின்ன ரவுண்டு போனாலும் அதே கதை. வெளியே மூன்று இரவு தங்கி, நடுவில் உள்ள இரண்டு முழு நாட்கள் மட்டும் கையில் மதிய உணவைக் கட்டிக்கொண்டு காலை ஆறு முதல் மாலை ஆறு வரை உள்ளே இருங்கள். நான்கு பேருக்கு ஆகஸ்டில் 1,600 டாலர், ஜனவரியில் 800. வந்த அன்று மாலை முகாமில் படுத்துத் தூங்குங்கள். ரோட்டில் வந்த அலுப்புக்கு அதுவே நல்லது.

உள்ளே தங்கினால் கடைசி நாள் காலை பத்து மணிக்குள் வெளியேற வேண்டும், தவறினால் இன்னொரு நாள் கட்டணம். ரிசர்வைச் சுற்றி மசாய் மக்களின் நிலத்தில் நபோய்ஷோ, ஓலாரே மொட்டோரோகி, மாரா நார்த் போன்ற கன்சர்வன்சிகள், அதாவது தனிக் காப்பகங்கள், இருக்கின்றன. வண்டிகள் குறைவு, இரவு டிரைவ் உண்டு, பாதையை விட்டு இறங்கியும் ஓட்டலாம். விலை அதிகம்தான். இரண்டு இரவு கன்சர்வன்சியில் இருந்துவிட்டு ஒரே ஒரு நாள் ரிசர்வுக்குள் போவது, முழுக்க ரிசர்வுக்குள்ளேயே தங்குவதைவிடச் சில சமயம் மலிவாக முடியும். இரண்டுக்கும் விலை கேட்டு வாங்குங்கள்.

"மாராவுக்கு அருகில்" என்று மட்டும் எழுதியிருந்தால் முகாமின் பெயரைக் கேட்டு மேப்பில் பாருங்கள். நாரோக் ஊருக்குள் ஹோட்டல் போட்டுவிட்டு அதையும் மாரா என்பார்கள். அங்கிருந்து கேட்டுக்கே தினமும் மணிக்கணக்கில் ஓட வேண்டும்.

தான்சானியா: கேட்டுக்கு கேட் கட்டணம்

விலங்குகளின் எண்ணிக்கையில் செரங்கெட்டிக்கு ஈடு இல்லை. கட்டணத்திலும் அப்படித்தான், ஆனால் அது ஒரே இடத்தில் தெரியாது. சஃபாரிகள் கிளம்பும் அருஷா நகரிலிருந்து செரங்கெட்டி போகும் வழக்கமான பாதை இங்கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதி வழியாகச் செல்கிறது. சும்மா கடந்து போனாலும் ஆளுக்கு 70.80 டாலர். செரங்கெட்டிக்கு 24 மணி நேரத்துக்கு 82.60 டாலர், மார்ச் நடுவிலிருந்து மே நடு வரை கொஞ்சம் குறையும். பூங்காவுக்குள் லாட்ஜிலோ கூடார முகாமிலோ தங்கினால் இரவுக்கு ஆளுக்கு இன்னும் 70.80. இங்கோரோங்கோரோவின் எரிமலைப் பள்ளத்துக்குள் வண்டி இறங்க, வண்டிக்கு 295. எல்லாம் 18 சதவீத வாட் வரி சேர்த்து.

நான்கு பேர், செரங்கெட்டியில் இரண்டு இரவு, திரும்பும்போது பள்ளம் என்று வைத்துக்கொள்வோம். கடந்து போக வர 566, செரங்கெட்டி 661, தங்கும் கட்டணம் 566, பள்ளம் 295. மொத்தம் 2,088 டாலர். வண்டி, அறை, சாப்பாடு எதுவும் இதில் இல்லை. விலைப் பட்டியலில் இந்த நான்கு கட்டணங்களும் தனித்தனியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பள்ளத்துக்கான 295 டாலரை மட்டும் "விருப்பத்துக்கு" என்று ஒதுக்கிவிட்டு மலிவாகக் காட்டுவது பழைய வித்தை.

டிக்கெட் 24 மணி நேரம் என்பதால் கேட்டில் முத்திரை விழும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு செரங்கெட்டியின் நாபி ஹில் கேட்டில் நுழைந்தால் 48 மணி நேரம் கழித்து, மூன்றாம் நாள் இரண்டு மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். அடுத்து இங்கோரோங்கோரோ டிக்கெட் அப்போதே ஓடத் தொடங்குகிறது. அன்றிரவு பள்ளத்தின் விளிம்பில் தங்கி, மறுநாள் விடிந்ததும் இறங்கி, இரண்டு மணிக்குள் இங்கோரோங்கோரோவின் வெளி வாசலான லோடோவாரே கேட்டைத் தாண்டினால் ஒரே டிக்கெட்டில் முடிந்தது. அதே நாள்தான், நேரம் மாறினால் நான்கு பேருக்கு 283 டாலர் கூடுதல்.

ஆற்றுக் கடப்பை வடக்கு செரங்கெட்டியின் கொகாடெண்டேயிலிருந்தும் பார்க்கலாம். நுழைவுக் கட்டணம் மாராவில் கட்டுவதில் பாதிக்கும் குறைவு, வண்டிக் கூட்டமும் குறைவு. ஆனால் அருஷாவிலிருந்து ரோட்டில் போனால் வழியில் இரவு தங்கியே போக வேண்டும், திரும்பவும் அப்படியே. விமானத்தில் போனால் டிக்கெட் விலை. மிச்சம் பிடித்த பணம் அங்கே போய்விடும்.

இங்கோரோங்கோரோ விளிம்பு 2,300 மீட்டர் உயரம். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று காட்டன் சட்டையோடு போகிறவர்கள் காலையில் நடுங்குவார்கள். மாராவிலும் ஜூலை, ஆகஸ்டில் விடியற்காலை குளிர் எடுக்கும். ஸ்வெட்டர், காது மூடும் குல்லா கட்டாயம். தான்சானியாவின் தரங்கிரே பூங்காவிலும் மேற்கு செரங்கெட்டியிலும் செட்சி ஈ கடிக்கும். கருநீலமும் கறுப்பும் அதை இழுக்கும் நிறங்கள். ஜீன்ஸை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

க்ரூகர்: ஓட்டத் தெரிந்தவர்களுக்கு

ஏறக்குறைய 20,000 சதுர கிலோமீட்டர் காடு, உள்ளே தார் ரோடு, நம்மைப் போலவே இடது பக்க ஓட்டம். வெளிநாட்டவருக்கு நாள் கட்டணம் சுமார் 600 ராண்ட். ஆண்டுதோறும் நவம்பரில் ஏற்றுவார்கள். நான்கு பேர் ஐந்து நாளுக்கு 12,000 ராண்ட் என்றால் நம் பணத்தில் அறுபதாயிரத்தை ஒட்டி வரும். ஒரு வாரத்துக்கு மேல் தங்கினால் வைல்ட் கார்ட் என்ற ஆண்டுச் சந்தா மலிவாக வருகிறதா என்று பாருங்கள்.

அறைகளை சான்பார்க்ஸ் எனப்படும் தேசியப் பூங்கா நிறுவனத்தின் தளத்திலேயே நேரடியாகப் பதிவு செய்யலாம், இடையில் ஏஜென்ட் தேவையில்லை. பதினோரு மாதம் முன்பே திறந்துவிடும். லோயர் சாபி, சடாரா, ஸ்குகுசா முகாம்கள் மூன்றும் முதலில் தீர்ந்துபோகும். லோயர் சாபியில் இரண்டு இரவு, சடாராவில் இரண்டு இரவு, கடைசியாக ஸ்குகுசாவில் ஒன்று என்று வைத்தால் ஆற்றங்கரையும் புல்வெளியும் இரண்டுமே கிடைக்கும். ஸ்குகுசாவையும் லோயர் சாபியையும் இணைக்கும் எச்4-1 சாலையும், சடாரா அருகே உள்ள எஸ்100 மண் சாலையும் விடியற்காலையில் ஓட்ட வேண்டியவை.

தார் ரோட்டில் 50, மண் ரோட்டில் 40 கி.மீ. வேகம்தான். நின்று நின்று பார்த்துக்கொண்டு போனால் மணிக்கு 25 தாண்டாது. சடாராவிலிருந்து ஸ்குகுசா தொண்ணூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். அரை நாள் ஒதுக்குங்கள். மே மாதம் முகாம் கேட் காலை 6-க்குத் திறந்து மாலை 5.30-க்கு மூடும். தாமதமானால் அபராதம். குறிப்பிட்ட இடங்கள் தவிர எங்கும் காரைவிட்டு இறங்கக் கூடாது. இரவு விலங்குகளைப் பார்க்க முகாமின் திறந்த லாரியில் சன்செட் டிரைவ் போகலாம். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஏற்ற மாட்டார்கள்.

கார் எடுக்கும் இடத்தில் ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும். டெபாசிட் தொகையை அதில்தான் நிறுத்தி வைப்பார்கள். மனைவி பெயர் கார்டு, கணவர் பெயர் லைசென்ஸ் என்றால் கவுன்ட்டரில் சிக்கல். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் பெர்மிட் வாங்கிக்கொள்ளுங்கள், டயருக்கும் கண்ணாடிக்கும் தனி இன்ஷூரன்ஸ் சேருங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் மாலையில் இறங்கினால் அன்றே கிளம்பாதீர்கள். விமான நிலையத்தருகே தங்கி, காலையில் புறப்பட்டால் ஐந்தாறு மணி நேரத்தில் கேட்டை அடையலாம்.

குறையும் சொல்ல வேண்டும். க்ரூகர் புதர்க்காடு. மாராவில் அரை கிலோமீட்டர் தூரத்தில் படுத்திருக்கும் சிங்கம் தெரியும், இங்கே பத்தடி தள்ளிப் புதருக்குள் இருந்தால் தெரியாது. வழிகாட்டி இல்லாமல் நீங்களேதான் தேட வேண்டும். முகாம் வாசலில் நேற்று எங்கே எது தென்பட்டது என்று குறிக்கும் பலகை இருக்கும், அதைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். ஆப்பிரிக்கக் காட்டுநாய்க்கு மாராவைவிட இங்கேதான் வாய்ப்பு அதிகம். வயதானவர்களுக்கும் இதுவே தேவலை. மாராவின் குண்டு குழியில் எட்டு மணி நேரம் குலுங்கினால் முதுகு போய்விடும். இங்கே வேண்டும்போது முகாமுக்குத் திரும்பிக் கழிப்பறைக்குப் போய் வரலாம்.

சாப்பாட்டுக்கு, குடிலிலேயே அடுப்பும் ஃபிரிட்ஜும் உண்டு. வழியில் உம்பொம்பெலா நகரின் சூப்பர் மார்க்கெட்டில் அரிசி பருப்பு வாங்கிவிடலாம். சமைத்ததை வராந்தாவில் வைத்துவிட்டு உள்ளே போகாதீர்கள், குரங்கும் பபூனும் காத்திருக்கும். கென்யாவும் தான்சானியாவும் குஜராத்திகள் தலைமுறைகளாக வாழும் நாடுகள் என்பதால் அங்குள்ள லாட்ஜ்களில் பருப்பும் சப்பாத்தியும் கிடைக்கும். சின்னக் கூடார முகாம் என்றால் "மீன் வேண்டாம், முட்டை வேண்டாம்" என்று முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள்.

ஊசி, விசா, பணம்

கென்யா போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. திரும்பி வரும்போது சென்னை விமான நிலையத்தில் ஊசி போட்டதற்கான அட்டையைக் கேட்பார்கள். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் அட்டை செல்லும், ஆயுள் முழுதும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். முன்பதிவு செய்து பாஸ்போர்ட்டோடு போக வேண்டும், எனவே ஒரு மாதம் முன்பே பாருங்கள். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி இது. அறுபது தாண்டியவர்கள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. வீட்டுப் பெரியவருக்கு இந்த ஊசி ஆகாது என்றால் கென்யாவை விட்டுவிட்டு, வளைகுடா வழியாகத் தென்னாப்பிரிக்கா போவதே சரி. அடிஸ் அபாபா வழி டிக்கெட் மலிவாகத் தெரிந்தாலும் எத்தியோப்பியாவும் மஞ்சள் காய்ச்சல் நாடுதான். அங்கே அல்லது நைரோபியில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் தான்சானியாவும் தென்னாப்பிரிக்காவும் அட்டை கேட்கும்.

மூன்று இடங்களிலும் மலேரியா உண்டு. மாத்திரையை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். டாக்ஸிசைக்ளின் என்றால் திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும், பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். சின்னக் குழந்தையோடு போகிறவர்கள் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து சில மணி நேரத்தில் உள்ள மலேரியா இல்லாத பிலானஸ்பர்க்கைப் பார்க்கலாம்.

கென்யாவுக்கு இடிஏ எனப்படும் ஆன்லைன் பயண அனுமதி 30 டாலரை ஒட்டி, தான்சானியா இ-விசா 50 டாலர். அரசுத் தளத்தைப் போலவே இருக்கும் தனியார் தளங்கள் இரட்டிப்பாக வாங்கும். ஸான்ஸிபார் தீவையும் சேர்த்தால் ஆளுக்கு 44 டாலர் கட்டாய இன்ஷூரன்ஸ். தென்னாப்பிரிக்க விசாவுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரலாம். விசா கைக்கு வரும்வரை ரத்து செய்ய முடியாத டிக்கெட் எடுக்காதீர்கள். 

சென்னை ஏஜென்டிடம் பேக்கேஜ் எடுத்தால் ஜிஎஸ்டியும், விற்பவர் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரியான டிசிஎஸ்ஸும் சேரும். டிசிஎஸ் விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுகிறது. அது போன பணம் அல்ல, வருமான வரி ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். எனவே யாருடைய பான் எண்ணில் பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். வருமானமே இல்லாத அம்மா பெயரில் பிடித்தால் அவர் ரிட்டர்ன் போட்டால்தான் திரும்ப வரும்.

நைரோபி அல்லது அருஷா நிறுவனத்தோடு நேரடியாகப் பேசினால் விலை குறையும். பயண நிறுவனங்களின் சங்கங்களான கென்யாவின் கேடோ, தான்சானியாவின் டாடோ ஆகியவற்றில் உறுப்பினரா என்று அந்தச் சங்கங்களின் தளத்திலேயே பெயரைத் தேடுங்கள். வழிகாட்டிக்கு கென்யாவில் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று சான்றிதழ் படிகள் உண்டு. வெள்ளி வழிகாட்டி வேண்டும் என்று கேட்கலாம். முன்பணம் 20 முதல் 30 சதவீதம் வழக்கம், மீதி பயணத்துக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பு. முழுப் பணத்தையும் இப்போதே, அதுவும் தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் விலகிவிடுங்கள். வங்கியில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவம் கொடுத்து அனுப்பும்போது இடைப்பட்ட வங்கிக் கட்டணத்தையும் நீங்களே ஏற்பதாகக் குறியுங்கள். இல்லையென்றால் அங்கே இருபது முப்பது டாலர் குறைவாகப் போய்ச் சேரும், அதை முதல் நாள் காலையில் ரொக்கமாகக் கேட்பார்கள்.

டிரைவருக்கு வண்டிக்கு நாளொன்றுக்கு 15, 20 டாலர் டிப்ஸ் எடுத்து வையுங்கள். டாலர் நோட்டுகள் புதிதாக இருக்கட்டும். 2009-க்கு முன் அச்சானதையும் ஓரம் கிழிந்ததையும் பலர் வாங்க மாட்டார்கள். உள்ளூர்ச் சிறு விமானத்தில் போவதாக இருந்தால் சக்கரம் வைத்த பெட்டியை விட்டுவிட்டு மெத்துப் பையில் 15 கிலோவுக்குள் அடக்குங்கள். புளியோதரைப் பொடியையும் முறுக்கையும் பிளாஸ்டிக் கவரில் கட்டி எடுத்துப் போகக் கூடாது. கென்யாவில் 2017-லிருந்தும் தான்சானியாவில் 2019-லிருந்தும் தடை. கோயம்பேட்டைப் போல அங்கே கண்டும் காணாமல் விட மாட்டார்கள். சார்ஜருக்கு அந்த இரண்டு நாட்டிலும் சதுரக் கால் மூன்று பின் அடாப்டர் வேண்டும். தென்னாப்பிரிக்காவில் நம் வீட்டு ஏசிக்குப் போடும் 15 ஆம்பியர் பிளக் அப்படியே பொருந்தும், அந்த பிளக் வைத்த ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுத்துப் போனால் குடும்பத்தில் அத்தனை போனுக்கும் போதும்.